ஜெர்மன் வகுப்பில் கொஞ்சம் ஜெர்மனும் பேசலாமே

ஜெர்மன் கோச்சிங் சென்டர் போர்டு இல்லாத தெருவை இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் போலிருக்கிறது. நர்சிங் முடித்தவர்கள், மெக்கானிக்கல் முடித்தவர்கள், ஆஸ்பில்டுங் எனும் ஜெர்மன் தொழிற்பயிற்சிக்குப் போக நினைக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் என்று எல்லோரும் ஏ1, ஏ2, பி1 என்று மொழித் தேர்வு நிலைகளில் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். நானும் இதே தொழிலில் இருப்பவன்தான். உள்ளே இருந்தே சொல்கிறேன்: பல ஜெர்மன் வகுப்புகளில் ஜெர்மன் காதில் விழுவதே அபூர்வம்.

விழுவதெல்லாம் ஜெர்மனைப் பற்றிய தமிழும் ஆங்கிலமும்தான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, தாஸ் அட்டவணை. அக்குஸாட்டிவ் வேற்றுமை என்றால் டெர் டென் ஆகும், டாட்டிவ் வேற்றுமை என்றால் டெம் ஆகும். பிள்ளைகள் கலர் பேனாவில் அழகாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். தேர்வில் ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதும் பகுதி வந்ததும் முகம் வெளிறிவிடும். ஸ்பீக்கரில் ஒரு அம்மா பஸ் ஸ்டாப்பில் நின்று சாதாரண வேகத்தில் பேசுவார். இவர்கள் மனசுக்குள் அட்டவணையைப் புரட்டி முடிப்பதற்குள் அவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.

ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் பல பத்தாண்டுகளாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லி வருகிறார். கேட்பதும் படிப்பதும் நமக்குப் புரிந்தால்தான் மொழி உள்ளே இறங்கும் என்பது அவர் வாதம். காம்ப்ரிஹென்சிபிள் இன்புட் என்று அதற்குப் பெயர். மேடையில் அவர் இதைச் செய்தே காட்டுவார். முதலில் சரளமாகக் கொஞ்சம் ஜெர்மன் பேசுவார், தெரியாதவர்கள் விழிப்பார்கள். அப்புறம் தன் தலையைத் தொட்டு, பலகையில் ஒரு முகத்தை வரைந்து, கண், காது, வாய் என்று காட்டிக்கொண்டே பேசுவார். அதுவும் ஜெர்மன்தான், ஆனால் விழித்தவர்களுக்கு இப்போது புரியும். ஏ1 பிள்ளைகளிடம் "தினமும் ஜெர்மன் சீரியல் பாருங்க" என்று சொல்லும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். புரியாத ஜெர்மனை நாள் முழுக்க ஓடவிட்டாலும் அது மிக்ஸி சத்தம் மாதிரிதான்.

சரி, வகுப்பில் எப்படிச் செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். பலகையில் ஒரு கட்டில், அதில் ஒரு கிழவர். ஹெர் ஷ்மிட். "ஹெர் ஷ்மிட் ஹாட் டுர்ஸ்ட்" என்று சொல்லித் தொண்டையைப் பிடித்துக்கொள்வேன். தாகம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். "ஹாட் எர் டுர்ஸ்ட் ஓடர் ஹுங்கர்?" தாகமா, பசியா? ஒரே சொல்லில் பதில் வரும், அது போதும். நர்ஸ் தண்ணீர் கொண்டுவருகிறாள். "எர் வில் கைன் வாசர். எர் வில் பியர்." ஆஸ்பத்திரியில் பியர் கேட்கிறார் கிழவர்! வகுப்பு சிரிக்கும். நர்ஸ் என்ன சொன்னாள், டாக்டர் வந்தாரா, பியரை யார் குடித்தது என்று கதை வளரும். அந்த ஒரு மணி நேரத்தில் அதே வாக்கியம் வெவ்வேறு கேள்விகளாகத் திரும்பத் திரும்பக் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மறுநாள் அந்தக் கதையையே எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், அகராதி இல்லாமல் படித்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. கிராஷனும், கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் கற்பித்த டிரேசி டெரலும் 1983இலேயே இதை 'இயற்கை அணுகுமுறை' என்று புத்தகமாக எழுதிவிட்டார்கள். கதை சொல்லிக் கேள்வி கேட்கும் உத்தியை வளர்த்தவர் பிளேன் ரே என்ற இன்னொரு ஸ்பானிஷ் வாத்தியார்.

"அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்குமா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஃபிஜி. 1980 வாக்கில் அங்கே கிராமப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வீட்டில் ஃபிஜியனோ இந்தியோ பேசும் பிள்ளைகள். கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்களும் அதில் உண்டு. வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். ஒரு பிரிவு சும்மா உட்கார்ந்து படித்தது, இன்னொரு பிரிவுக்கு ஆசிரியர் படித்துக் காட்டிப் பேசினார். மற்ற பள்ளிகளில் வழக்கம்போல வாக்கியப் பயிற்சிதான். சோதனையை நடத்திய ஆய்வாளர்கள் எல்லியும் மங்குபாயும் 1983இல் முடிவை வெளியிட்டார்கள். கதைப் புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தது. இரண்டாம் ஆண்டில் ஆங்கிலத்தின் மற்ற திறன்களிலும் அந்த முன்னேற்றம் தெரிந்தது. வாக்கியப் பயிற்சியே செய்துகொண்டிருந்தவர்கள் பின்தங்கினார்கள்.

அதற்காகக் கிராஷன் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கனடாவில் 1965 முதல் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல் உட்படப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்திப் பார்த்தார்கள். கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் பல வருடம் கழித்தும் பேச்சிலும் எழுத்திலும் தவறுகள் மிச்சம் இருந்தன. இதைக் கவனித்த மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன், மாணவர்களைப் பேசவும் எழுதவும் தூண்டாமல் வெறும் இன்புட் போதாது என்று 1985இல் எழுதினார். எனக்கு அவர் சொல்வது சரியென்றே படுகிறது. பேசும் தேர்வு எழுத வேண்டிய பிள்ளையை மாதக்கணக்கில் வாய் திறக்காமல் உட்காரவைக்க என்னால் முடியாது. இலக்கணமும் சொல்லித் தருகிறேன். ஆனால் ஹெர் ஷ்மிட் கதை முடிந்த பிறகு, ஐந்து பத்து நிமிடம். ஏற்கெனவே காதில் பழகிய வாக்கியத்துக்குக் காரணம் சொல்லும்போது பிள்ளைகள் தலையாட்டுவதிலேயே வித்தியாசம் தெரிகிறது.

இந்த முறை ஏன் பரவவில்லை என்றால், என் கணிப்பு இதுதான்: அட்டவணை நடத்த மொழி பேசத் தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தை முந்தின நாள் இரவு பார்த்தால் போதும். ஒரு மணி நேரம் எளிய ஜெர்மனில் கதை சொல்ல, மொழி ஆசிரியரின் வாயில் இருக்க வேண்டும். நேற்று பி1 முடித்தவரை இன்று ஏ1 எடுக்கச் சொல்லும் சென்டர்களுக்கு அது கட்டுப்படியாகாது. "ஆறு மாதத்தில் பி2" என்று போர்டு வைத்த பிறகு கதைக்கு எங்கே நேரம்? பெற்றோரும் நோட்டுப் புத்தகம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். காதில் விழுந்தது எந்த நோட்டில் தெரியும்?

கடன் வாங்கி ஃபீஸ் கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு டெமோ வகுப்பில் உட்காருங்கள். ஆசிரியர் ஜெர்மனில் பேசியது எத்தனை நிமிடம், அதில் உங்களுக்குப் புரிந்தது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சொற்பமாக இருந்தால், அட்டவணை யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது.