எர்த் பின்னை வெட்டறவங்களுக்கு

கீபோர்டு ஆன் பண்ணுன உடனே ஸ்பீக்கர் பாக்ஸ்ல "உம்ம்ம்"னு ஒரு இரைச்சல். அதுக்கு நம்ம பக்கத்துக் கோயில் நோம்பி மேடைகள்ல ஒரே வைத்தியம்தான். ஒருத்தர் கட்டிங் பிளேயரோட வருவார். மூணு பின் டாப்புல மேல தடியா இருக்கற பின்னை நறுக்குனு வெட்டுவார். திருப்பிச் சொருகுவார். இரைச்சல் நின்னு போயிரும். "பாத்தீங்களா, எர்த்துதானுங்க பிரச்சனை"ன்னு சொல்லிட்டு அக்கட்ட போயிருவார். நிக்கறவங்க எல்லாரும் தலையாட்டுவாங்க.

வயிறு எரியுதுங்க. அந்தப் பின் மத்த ரெண்டையும்விட நீளமா எதுக்கு இருக்குதுன்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா? சொருகும்போது அது மொதல்ல ஒட்டணும், புடுங்கும்போது கடைசியா விடணும். ஆம்புக்குள்ள, அதாவது ஆம்ப்ளிஃபயருக்குள்ள, ஒரு ஒயர் தோலுரிஞ்சு இரும்புப் பாடில உரசுனா, அந்தக் கரண்ட் மனுசன் மேல ஏறாம அந்தப் பின் வழியாப் போகணும். இரைச்சலை நிறுத்தறேன்னு நீங்க வெட்டி வீசுனது அந்த வழியைத்தான்.

கிடார் வாசிக்கறவங்களுக்குத்தான் இதுல மொத ஆபத்து. கிடார் கம்பி, கேபிளுக்குள்ள சுத்தி வர்ற வலை ஒயர் வழியா ஆம்ப் பாடியோட சேந்திருக்குது. மைக்கோட வலைமூடி, எக்ஸ்எல்ஆர்ங்கற மூணு பின் மைக் கேபிளோட 1-ஆம் பின் வழியா, சத்தத்தையெல்லாம் கலக்கற மிக்சரோட எர்த்தோட சேந்திருக்குது. ஆம்போட எர்த் பின் வெட்டியிருந்து, உள்ள லீக்கேஜும் இருந்தா, கம்பில 230 வோல்ட் வரைக்கும் நிக்கலாம். கோரஸ் பாட மைக்குல உதடு பட்ட நிமிஷம் கைக்கும் உதட்டுக்கும் நடுவுல, நெஞ்சு வழியா, கரண்ட் பாயும். இது கற்பனை இல்லீங்க. 1972 மே மாசம், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீல, ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிடார்காரர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே செத்தார். அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. நாம இன்னும் கட்டிங் பிளேயரோட நிக்கறோம்.

நம்ம மேடை அதைவிட மோசம். கோயில் மேடைங்கறதால செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறுவோம். மஞ்சத் தண்ணி ஊத்தி விளையாடற மஞ்ச நீர் அன்னைக்குப் பொழுதோடதான் பாட்டுக் கச்சேரி இருக்கும். தரையெல்லாம் ஈரம், துணி ஈரம், இரும்புச் சட்டத்து மேல பலகை போட்ட மேடை. காஞ்ச தோலுக்கு ஆயிரக்கணக்குல, ஒரு லட்சம் ஓம் வரைக்கும்கூட தடை இருக்கும். நனைஞ்சா ஆயிரம் ஓம் பக்கத்துக்கு இறங்கிரும். 230-ஐ ஆயிரத்துல வகுத்துப் பாருங்க: 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டுனாலே பல பேருக்குக் கை இறுகிப் புடிச்சுக்கும், விட முடியாது. மைக்கை நாம புடிக்கறதே முஷ்டிலதான்.

சரி, இரைச்சல் ஏன் வருது? எர்த் இருக்கறதால இல்ல. எர்த் ரெண்டு இடத்துல இருக்கறதால. மேடைக்குக் கரண்ட் கோயில் போர்டுல இருந்து வருது. 100 அடி தள்ளி இருக்கற மிக்சருக்குப் பக்கத்து டீக்கடைல இருந்து கரண்ட் எடுக்கறாங்க. ரெண்டு எர்த்தும் ஒரே அளவுல இருக்காது. அந்த வித்தியாசம் சிக்னல் கேபிளோட வலை ஒயர் வழியா ஓடும். அந்த 50 ஹெர்ட்ஸும் அதோட மடங்குகளும்தான் உங்க பாக்ஸ்ல உம்முங்குது. இதுக்கு வைத்தியம் கத்திரி இல்லீங்க, ஒயர். மேடை போர்டுல இருந்தே 3 கோர் கேபிள் ஒண்ணை மைக் ஒயரெல்லாம் ஒண்ணாப் போற மல்டிகேபிள் கூடவே மிக்சர் வரைக்கும் இழுங்க. மிக்சருக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் போதும். மேடைக்கு வர்ற மெயின் ஒயர் 4 ஸ்கொயர் எம்எம்க்குக் கொறயக் கூடாது. ரெண்டு கோர் ஒயரைச் சுருட்டி எடுத்துட்டு வர்றதை நிறுத்துங்க, அதுல எர்த்தே கிடையாது. கீபோர்டு, டிரம் பேடு, ஆம்ப், மிக்சர் எல்லாம் ஒட்டுக்கா ஒரே ஃபேஸ். சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் வேற ஃபேஸ்.

அதுக்கப்புறமும் இரைஞ்சா டிஐ பாக்ஸ், அதாவது கீபோர்டு சிக்னலை மைக் கேபிள்ல போற மாதிரி மாத்திக் குடுக்கற சின்னப் பெட்டி. கீபோர்டு அவுட் ஒரு கம்பி ஒரு வலை மட்டும் இருக்கற அன்பேலன்ஸ்டு ஜாக். 5, 6 மீட்டருக்கு மேல இழுத்தா கண்ட இரைச்சலையும் வாரிக்கிட்டு வரும். கீபோர்டுக்குப் பக்கத்துலயே டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச, கரண்ட் வேண்டாத பேசிவ் டிஐ போட்டு, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர்ல போங்க. அதுல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அது சிக்னல் கேபிளோட 1-ஆம் பின்னை மட்டும்தான் பிரிக்குது. மெயின்ஸ் எர்த்தைத் தொடாது. வெட்டணும்னு கை துறுதுறுன்னா அந்த சுவிட்சைத் தட்டுங்க, யாரும் சாக மாட்டாங்க. பேசிவ் பிக்கப் வெச்ச அக்கூஸ்டிக் கிடாருக்கு மட்டும் கரண்ட்ல ஓடற ஆக்டிவ் டிஐ வேணும், மிக்சர்ல இருந்து அதே கேபிள் வழியாப் போற 48 வோல்ட் ஃபேண்டம் கரண்டைப் போட மறந்துறாதீங்க. லேப்டாப்ல டிராக் ஓட்டறவங்களுக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர் டிஐதான், ஸ்டீரியோவா வாங்கிக்குங்க.

இரைச்சல் உம்முன்னு இல்லாம "ஜிர்ர்"னு கூர்மையா இருந்தா அது எர்த்தே இல்ல, லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைக்கற டிம்மரோ சீரியல் செட்டோதான். லைட்காரரை ஒரு நிமிஷம் அணைக்கச் சொல்லிப் பாருங்க. சிக்னல் கேபிளையும் கரண்ட் ஒயரையும் ஒண்ணாச் சேத்து டேப் சுத்தாதீங்க. குறுக்க போயே ஆகணும்னா செங்குத்தா கடக்கட்டும்.

இதுல இன்னொரு கொடுமை. டாப்புல பின் முழுசா இருக்கும், ஆனா ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள நியூட்ரல்ல இருந்தே ஒரு துண்டு ஒயரை எர்த் ஓட்டைக்கு லூப் அடிச்சிருப்பாங்க. வெளிய இருந்து பாத்தா எர்த் இருக்கற மாதிரியே தெரியும். நியூட்ரல் எங்கயோ ஒரு தீக்குச்சி செருகுன ஜாயிண்ட்ல விட்டுப்போற நிமிஷம், மேடைல எர்த்னு நெனச்ச அத்தனை இரும்பும் ஃபேஸ் ஆயிரும். மூணு லைட் எரியற சாக்கெட் டெஸ்டர்கூட இதைக் காட்டாது. நியூட்ரலும் எர்த்தும் மாறிக் கெடந்தாலும் அதுக்குத் தெரியாது.

அதனால மல்டிமீட்டர் வாங்குங்க. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஏசி வோல்ட் 600 அல்லது 750 ரேஞ்ச்ல வெச்சு, லைட் எல்லாம் எரியவிட்டுட்டு, மேடை போர்டுல மூணு அளவு எடுங்க. ஃபேஸ்–நியூட்ரல் 230 பக்கம். ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே. அது 100, 120ன்னு மிதந்தா எர்த் அந்துருக்குதுன்னு அர்த்தம். நியூட்ரல்–எர்த் ஒண்ணுல இருந்து மூணு வோல்ட். இருபதுக்கு மேல போனா ஒயர்மேனைக் கூப்புடுங்க. அத்தனை லோடுலயும் சுத்தமா பூஜ்யம்னு நின்னா அந்த லூப்பைத் தேடுங்க. பாடகருங்க ஏறறதுக்கு முன்னால ஒரு முனையைக் கிடார் கம்பில வெச்சு, மறுமுனையை மைக் வலைமூடில வையுங்க. ஒண்ணு ரெண்டு வோல்டுக்கு மேல காட்டுனா கச்சேரியை ஆரம்பிக்காதீங்க. பல்பைப் போட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் எரியவிட்டுப் பாக்கற பழக்கத்தை விடுங்க. எர்த் அந்துருந்தா, அதே ஒயர்ல இருக்கற மத்த பாடியெல்லாம் அந்த நேரம் ஷாக் அடிக்கும்.

சித்திரைல காங்கேயம், தாராபுரம் பக்கம் ஓடக்கல்லு பூமில ஒரு அடிக் கம்பியை அடிச்சு நிறுத்திட்டு "எர்த் குடுத்தாச்சுங்க"ங்கறாங்க. தோட்டத்து மோட்டாருக்குக் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, தண்ணி ஊத்தறவங்கதான் நீங்க. மோட்டார்ல ஷாக் அடிச்சிருமேன்னு பயப்படறீங்க, பாடற புள்ளைக்கு அந்தக் கணக்கு இல்லையா? நல்ல கம்பியே ஆனாலும் 20 ஓம் தடைன்னு வையுங்க. 230-ஐ 20-ல வகுத்தா 11.5 ஆம்பியர். லோடு மீறுனா விழற 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் அசையாது. பாடில கரண்ட் அப்படியே நிக்கும். அதுக்குத்தான் லீக்கேஜைப் பாத்துக் கரண்டை நிறுத்தற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எர்த் 100 ஓமே இருந்தாலும் 2.3 ஆம்பியர் போகும், கண்ணிமைக்கறதுக்குள்ள அது விழுந்துரும். அது ஓவர்லோடைப் பாக்காது, எம்சிபியும் கூட வேணும். "அடிக்கடி டிரிப் ஆகுதுங்க"ன்னு அதை பைபாஸ் பண்றவங்க, எங்கயோ லீக்கேஜ் இருக்குதுன்னு கத்துன ஒருத்தரோட வாயைப் பொத்தறாங்க. ஒவ்வொரு டாப்பாக் கழட்டிப் பாத்தா எது விழ வைக்குதுன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுரும்.

ஜெனரேட்டர்ல இன்னும் ஒரு பொறி இருக்குது. சின்ன செட்டுங்கள்ல நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோட சேராம மிதந்துக்கிட்டு இருக்கும். அப்ப லீக்கேஜ் திரும்பி வர வழியில்லாததால ஆர்சிசிபி விழாது. டெஸ்ட் பட்டனை அமுக்குனா விழும், அது உள்ளயே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வேலை செய்யுது. அதை நம்பிராதீங்க. நியூட்ரலை ஜெனரேட்டர்ல ஒரே ஒரு இடத்துல பாடியோடயும் எர்த் கம்பியோடயும் சேக்கறதை லைசென்ஸ் ஒயர்மேன் செய்யட்டும். திரீ ஃபேஸ்னா நியூட்ரல் போல்ட்டை அவரே கடைசியா ஒருக்கா இறுக்கிப் பாக்கட்டும். அது லூஸானா, லோடு கம்மியா இருக்கற ஃபேஸ்ல வோல்டேஜ் 400 பக்கம் ஏறும். கம்மி லோடு எதுல இருக்கும்? உங்க கீபோர்டு இருக்கற ஃபேஸ்லதான்.

விழாக்குழுப் பெரியவங்களே, சீரியல் செட்டுல அம்மன் கையசைக்கறதுக்குச் செலவு பண்றீங்க, சந்தோஷம். அதுல ஒரு துளியை மேடை போர்டுக்கு ஒதுக்குங்க: ஆர்சிசிபி, எம்சிபி, 3 கோர் ஒயர், பாடறவங்க காலடில ரப்பர் மேட். மெயின் சுவிட்ச் கிட்ட ஒரு ஆளு கடைசிப் பாட்டு வரைக்கும் நிக்கட்டும். யாராவது மைக்கைப் புடிச்சபடி விழுந்தா அவங்களை யாரும் தொடறதுக்கு முன்னால அவர் கை சுவிட்சுக்குப் போகணும்.

ரேடியோ செட் அண்ணனுங்களே, இன்னைக்கு ராத்திரியே ஒயர் பெட்டியைத் தொறங்க. பின் வெட்டுன டாப்பு எத்தனை இருக்குதுன்னு எண்ணுங்க. அத்தனையையும் ஒயர்ல இருந்து நறுக்கிக் குப்பைல போட்டுட்டுப் புது டாப்பு மாட்டுங்க. பச்சை ஒயர் தடிப் பின்னுக்கு. அதை மத்த ரெண்டைவிட ஒரு விரக்கடை நீளமா உள்ள மடிச்சு விடுங்க. யாராவது கால் தடுக்கி இழுத்தா அது கடைசியாத்தான் புடுங்கிக்கிட்டு வரணும். மூடறதுக்கு முன்னால கிளாம்பை ஒயரோட வெளித்தோல் மேல வெச்சு இறுக்குங்க, உள்ள இருக்கற கலர் ஒயருங்க மேல இல்ல.