லிட் டெக்கரேட்டர்: மதிப்பு மாறியும் திரை மாறவில்லையா?

லிட் (Lit) என்பது வெப் காம்பொனென்ட்களை, அதாவது நாமே உருவாக்கும் எச்டிஎம்எல் டேக்குகளை, எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. அதை டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதத் தொடங்குபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் புகார் இது: "ப்ராப்பர்ட்டியை மாற்றுகிறேன், கன்சோலில் புது மதிப்பு தெரிகிறது, திரை மட்டும் அப்படியே நிற்கிறது." பலர் உடனே, திரையைப் புதுப்பிக்கச் சொல்லும் ரிக்வெஸ்ட்அப்டேட்டைக் கையால் அழைத்துச் சமாளிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் கோளாறு காம்பொனென்ட்டில் இல்லை, டைப்ஸ்கிரிப்ட்டின் அமைப்புகள் இருக்கும் டிஎஸ்கான்ஃபிக் ஃபைலில் இருக்கிறது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கடைத் தளத்தில் பொருளின் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னப் பெட்டி. கிளாஸுக்கு மேலே @கஸ்டம்எலிமென்ட் என்ற டெக்கரேட்டர் (@ போட்டு எழுதும், கிளாஸுக்கோ ஃபீல்டுக்கோ கூடுதல் வேலை சேர்க்கும் குறிப்பு) போட்டு டேக்கின் பெயர் கொடுக்கிறோம். உள்ளே 'கவுன்ட்' என்ற ஃபீல்டுக்கு @ப்ராப்பர்ட்டி போட்டு, தொடக்க மதிப்பு 1 என்கிறோம். @ப்ராப்பர்ட்டி செய்யும் முக்கிய வேலை இதுதான்: கிளாஸின் ஆப்ஜெக்டுகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் ப்ரோட்டோடைப்பில் 'கவுன்ட்' என்ற பெயரில் ஒரு கெட்டரும் (மதிப்பைப் படிக்கும்போது ஓடுவது) செட்டரும் (மதிப்பை எழுதும்போது ஓடுவது) வைக்கிறது. மதிப்பு மாறும்போது செட்டர் ஓடும், அது லிட்டுக்குச் சொல்லும், லிட் திரையைப் புதுப்பிக்கும்.

டைப்ஸ்கிரிப்ட்டில் டார்கெட் (எந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்புக்குக் கம்பைல் செய்வது என்ற அமைப்பு) இஎஸ்2022 அல்லது அதற்கு மேல் என்றால், யூஸ்டிஃபைன்ஃபார்கிளாஸ்ஃபீல்ட்ஸ் என்ற இன்னொரு அமைப்பு தானாகவே ட்ரூ ஆகிவிடும். அப்போது 'கவுன்ட் = 1' என்ற வரி செட்டர் வழியாகப் போகாது. ஆப்ஜெக்டின் மேலேயே 'கவுன்ட்' என்று புதிதாக ஒரு சொந்த ப்ராப்பர்ட்டியை உருவாக்கும். அது ப்ரோட்டோடைப்பில் உள்ள செட்டரை மறைத்துவிடும். அதன் பிறகு எத்தனை முறை மாற்றினாலும் லிட்டின் காதுக்குப் போகாது. முதல் ரெண்டர் எப்படியும் நடக்கும் என்பதால் 1 என்பது சரியாகத் தெரியும், அதனால்தான் சந்தேகம் வேறு பக்கம் போகிறது. லிட்டின் டெவலப்மென்ட் பில்டு இதைப் பிடித்து எரர் காட்டும். ப்ரொடக்‌ஷன் பில்டு வாயே திறக்காது.

தீர்வு டிஎஸ்கான்ஃபிக்கில் இரண்டு வரி. எக்ஸ்பெரிமென்டல்டெக்கரேட்டர்ஸ் (பழைய வகை டெக்கரேட்டர்களை இயக்குவது) ட்ரூ, யூஸ்டிஃபைன்ஃபார்கிளாஸ்ஃபீல்ட்ஸ் ஃபால்ஸ். இரண்டும் வேண்டும். முதலாவதை மட்டும் போட்டால் கம்பைல் ஆகும், ஆனால் மேலே சொன்ன கோளாறு அப்படியே இருக்கும்.

புதிய வழியும் இருக்கிறது. 2023இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.0 ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலை டெக்கரேட்டர்களை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த லிட் 3 இரண்டு வகையையும் ஆதரிக்கிறது. தரநிலை வகையில் ஃபீல்டுக்கு முன்னால் 'ஆக்ஸஸர்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், எக்ஸ்பெரிமென்டல் அமைப்பை எடுத்துவிட வேண்டும். 'ஆக்ஸஸர்' போட்டாலே கெட்டர், செட்டர் இயல்பாக உருவாவதால் மறைக்கும் பிரச்சினையே எழாது. ஆனால் பிரவுசருக்காக அதை இறக்கிக் கம்பைல் செய்யும்போது வெளிவரும் கோடு கணிசமாகப் பெருக்கிறது. லிட்டின் அழகே சுருக்கிய நிலையில் சுமார் 5 கேபிக்குள் அடங்குவதுதான், அதைக் கெடுத்துக்கொள்வானேன்? எனவே ப்ரொடக்‌ஷனுக்கு இப்போதைக்குப் பழைய வகையே சரி என்பது என் கருத்து.

அடுத்தது டைப். @ப்ராப்பர்ட்டிக்குள் கொடுக்கும் 'டைப்: நம்பர்' என்பதும் டைப்ஸ்கிரிப்ட்டின் டைப்பும் வேறு வேறு. முதலாவது எச்டிஎம்எல் ஆட்ரிபியூட்டில் வரும் ஸ்ட்ரிங்கை எப்படி மாற்றுவது என்று லிட்டுக்குச் சொல்வது. அதை விட்டுவிட்டு, ஆட்ரிபியூட்டில் 5 கொடுத்துப் பாருங்கள். கூட்டல் பட்டனை அழுத்தினால் 51 வரும், காரணம் அது ஸ்ட்ரிங் '5'. கழித்தல் பட்டனோ ஒழுங்காக 4 காட்டும், கழிக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக மாற்றிக்கொள்கிறது. ஒரு பட்டன் சரி, ஒரு பட்டன் தப்பு என்றால் டைப் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பூலியனில் இன்னொரு பொறி. ஆட்ரிபியூட் இருந்தாலே ட்ரூ, அதன் மதிப்பு 'ஃபால்ஸ்' என்ற சொல்லாகவே இருந்தாலும். அதனால் பூலியனின் தொடக்க மதிப்பு எப்போதும் ஃபால்ஸாக இருக்கட்டும். தொடக்கத்தில் ட்ரூ வைத்தால் எச்டிஎம்எல்லில் இருந்து அதை அணைக்க வழியே இல்லை. 'ஷோபிரைஸ்' என்று வைப்பதைவிட 'ஹைட்பிரைஸ்' என்று திருப்பி வையுங்கள்.

அரேக்குப் புஷ் செய்தால் திரை மாறாது. லிட் பழையதும் புதியதும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டுமே பார்க்கிறது. ஸ்ப்ரெட் செய்து (மூன்று புள்ளி போட்டு பழைய அரேயின் மதிப்புகளைப் பிரதியெடுத்து) புது அரே கொடுங்கள். வெளியிலிருந்து வராத, உள்ளே மட்டும் புழங்கும் மதிப்புக்கு @ஸ்டேட் போதும். எல்லாவற்றுக்கும் @ப்ராப்பர்ட்டி போடுவது, காம்பொனென்ட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அரைகுறையான வாசல்களைத் திறந்து வைப்பது மாதிரி.

காம்பொனென்ட்டுக்குள் உள்ள ஒரு எலிமென்ட்டைத் தேடித் தரும் @குவெரி, முதல் ரெண்டருக்கு முன் நல் (null) தரும். கன்ஸ்ட்ரக்டரிலோ கனெக்டட்கால்பேக்கிலோ அதைத் தொடாதீர்கள், முதல் ரெண்டர் முடிந்ததும் ஓடும் ஃபர்ஸ்ட்அப்டேட்டட் வரை பொறுங்கள். @குவெரியின் இரண்டாவது ஆர்குமென்ட்டில் ட்ரூ கொடுத்தால் முதலில் கிடைத்த எலிமென்ட்டையே பிடித்து வைத்துக்கொள்ளும். நிபந்தனைப்படி தோன்றி மறையும் எலிமென்ட்டுக்கு அது ஆகாது.

நிகழ்வுகளில் நேரம் தின்னும் ஒன்று: இன்புட் பெட்டியின் 'இன்புட்' நிகழ்வு ஷேடோ டாமை (காம்பொனென்ட்டின் உள்பகுதியைப் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் அடைப்பு) தாண்டி வெளியே வரும், 'சேஞ்ச்' வராது. சேஞ்சைக் கேட்டு, காம்பொனென்ட்டிலிருந்து புதிதாக ஒரு கஸ்டம்இவென்ட்டை அனுப்ப வேண்டும். அதில் பபிள்ஸ், கம்போஸ்ட் இரண்டும் தொடக்கத்தில் ஃபால்ஸ். மேலே உள்ள எலிமென்ட் கேட்க வேண்டுமானால் பபிள்ஸ் வேண்டும். நம் பெட்டி இன்னொரு காம்பொனென்ட்டின் ஷேடோவுக்குள் உட்கார்ந்து, நிகழ்வு அதையும் தாண்ட வேண்டுமானால் கம்போஸ்ட்டும் வேண்டும்.

டேக்கின் பெயரில் ஹைஃபன் கட்டாயம், முதல் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்து. அதற்குப் பின் தமிழ் எழுத்துகளும் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரே பெயரை இரண்டு முறை பதிவு செய்தால் பிரவுசர் எரர் வீசும். ஒரே காம்பொனென்ட்டின் இரண்டு வெர்ஷன்கள் பண்டிலுக்குள் வந்துவிட்டால் இதுதான் நடக்கும்.

டேக் பக்கத்தில் இருக்கிறது, எரர் எதுவும் இல்லை, ஆனால் உயிர் வரவில்லை என்றால் இம்போர்ட்டைப் பாருங்கள். கிளாஸின் பெயரை டைப்பாக மட்டும் பயன்படுத்தியிருந்தால், டைப்ஸ்கிரிப்ட் அந்த இம்போர்ட்டையே கழற்றிவிடும். அந்த ஃபைல் ஓடாது, @கஸ்டம்எலிமென்ட்டும் ஓடாது, பதிவும் நடக்காது. பெயர் எதுவும் இல்லாமல் ஃபைலின் பாதையை மட்டும் கொடுத்து இன்னொரு இம்போர்ட் வரி சேருங்கள், உடனே வேலை செய்யும்.