தேக்கா ராஃபிள்ஸ் ஒதுக்கிக் கொடுத்த இடம் அல்ல

"1822 நகரத் திட்டத்திலேயே சிராங்கூன் சாலைப் பகுதியை ராஃபிள்ஸ் இந்தியர்களுக்கு ஒதுக்கிவிட்டார்" என்று, சிங்கப்பூரின் தேக்கா (சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா வட்டாரம்) பற்றிய பதிவில் ஒருவர் எழுதியிருக்கிறார். ராஃபிள்ஸ் என்பவர் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய அதிகாரி. இதில் பாதிதான் சரி. இந்தியர்களுக்கு இடம் குறித்தது உண்மை, ஆனால் அந்த இடம் தேக்கா இல்லை. அந்தத் திட்டத்துக்காக லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்து 1828இல் வெளியான வரைபடத்தைப் பாருங்கள். 'சூலியா கம்போங்' (தென்னிந்தியர் குடியிருப்பு) சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியை ஒட்டி இருக்கிறது. சிராங்கூன் பக்கம் நமக்கென்று எதுவும் குறிக்கப்படவில்லை. தொடக்ககாலத் தமிழர்கள் திரண்டதும் ஆற்றுக்குத் தெற்கே, சூலியா ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம்தான். மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருப்பது அதனால்தான்.

அப்புறம் தேக்கா எப்படி வந்தது? வேலையால் வந்தது. செங்கல் சூளைகள், 1840களில் குதிரைப் பந்தயத் திடல், எல்லாவற்றுக்கும் மேலாக மாட்டு வியாபாரம். ரொச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சுற்றியிருந்த புல்லும் மாடு வளர்க்கத் தோதாக இருந்தன. பாரம் இழுக்க மாடு, பாலுக்கு மாடு என்று தேவை கூடக் கூட, மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் தெரிந்த நம் ஆட்கள் அங்கே குடியேறினார்கள். கடைகளும் கோயில்களும் அவர்களைத் தொடர்ந்து வந்தன. அந்த உழைப்பாளிகள் உண்டாக்கிய ஊரை ஓர் ஆங்கில அதிகாரியின் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பதிவைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள், பள்ளிப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.