கெஞ்சவா, கேட்கவா, உரிமை கோரவா?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கடிதம் டைப் செய்வது என் வேலை. போன வாரம் ஒரு பெரியம்மா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் 34 வருஷம் கொழுந்து பறித்தவர். தோட்டத்தை விட்டு நின்று ஏழு மாதமாகியும் பணிக்கொடை கைக்கு வரவில்லை. தோட்டத்து மேலாளரான துரைக்கு யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலக் கடிதத்தை நீட்டி, "இதையே அடிச்சுக் குடு தம்பி. தொரைக்குக் கோவம் வரக் கூடாது" என்றார்.

முதல் வரியே 'ஐ ஹம்பிளி பெக்'.

பழைய மனுக்களில் மரியாதைக்குப் போட்ட சொல்தான். ஆனாலும் 'பெக்' என்றால் இரப்பது. இந்தப் பெரியம்மா எதற்கு இரக்க வேண்டும்? 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். 34 வருஷத்துக்கு 476 நாள் சம்பளம். பெயரில் 'கொடை' இருப்பதால் யாரோ மனமிரங்கித் தருவது போலத் தோன்றுகிறது. அது உழைத்த கூலி.

தமிழில் லீவும் கேட்கிறோம், கடனும் கேட்கிறோம், சம்பளப் பாக்கியும் கேட்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே வினை. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் எல்லாம் 'ரிக்வெஸ்ட்' ஆகிவிடுகிறது. ரிக்வெஸ்ட் என்றால் எதிரில் இருப்பவர் முடியாது என்று சொல்லவும் இடமுண்டு. லீவுக்கு அது சரி. சட்டப்படி வர வேண்டிய பணத்துக்கு, உரிமை கோரும் சொல்லான 'கிளெய்ம்' என்றுதான் எழுத வேண்டும். 'டிமாண்ட்' அதற்கும் மேலே. தவணை கொடுத்துச் சட்டத்தரணி அனுப்பும் கடிதத்துக்கு அதை விட்டுவைக்கலாம்.

இந்த வித்தியாசம் நமக்குப் புதிதும் இல்லை. ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்கள்தான். தாழ்ந்தவன் சொல்வது ஈ, சமமானவன் சொல்வது தா, உயர்ந்தவன் சொல்வது கொடு என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. நம் ஆட்களின் கடிதங்கள் இன்னும் 'ஈ'யிலேயே நிற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. '34 வருஷம் வேலை செய்தேன்' என்ற இடத்தில் 'ஐ கிளெய்ம் தட்' என்று போட்டிருந்தார்கள். பணத்துக்குப் பொருந்துகிற அதே சொல் இங்கே வந்தால், அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், உண்மையோ என்னவோ என்றாகிவிடும். நடந்ததைச் சொல்ல 'ஸ்டேட்' போதும். அப்புறம், தோட்டம் பணம் தர 'ரிஃபியூஸ்ட்' என்றும் இருந்தது. தரவில்லை என்பது வேறு, தர மறுத்தார்கள் என்பது வேறு. மறுத்தார்கள் என்று எழுதினால் தொழில் திணைக்களத்தில் எப்போது, யார் மறுத்தது என்று கேட்பார்கள். இவரிடம் யாரும் முடியாது என்று சொல்லவே இல்லை, அலைய விட்டார்கள். அதற்கு 'ஃபெயில்ட் டு பே'.

பதில் வந்தாலும் வினையைப் பாருங்கள். 'வீ அஷ்யூர் யூ' என்றால் வாயால் தைரியம் சொல்கிறார்கள். 'வீ வில் என்ஷ்யூர்' என்றால் நடத்திக் காட்டும் பொறுப்பை ஏற்கிறார்கள்.

திருத்தி அடித்ததைப் பெரியம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"எனக்குச் சேர வேண்டியதுன்னா போட்டுருக்க?"

"ஆமா பெரியம்மா."

"தொரைக்குக் கோவம் வராதா?"

"மரியாதையாத்தான் எழுதியிருக்கு. டியர் சேர் இருக்கு, தேங்க்யூ இருக்கு. கெஞ்சல் மட்டும் இல்லை."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனையை வாங்கி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு கொப்பி எடு தம்பி. பதிவுத் தபால்ல போடணும்."