படத்திறப்புக்கு வாசித்தவருக்குப் படம் இல்லை

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "எல்லாத்துலயும் குத்தம் சொல்றவன்" என்று ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் அரங்கச் சுவரில் இசை மேதைகளின் படங்களை மாட்டித் திறந்து வைத்த அந்த விழா வீடியோவை ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் ஆளாளுக்குப் பகிர்ந்து கைகூப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்தபின் முடியவில்லை.

எந்த அரங்கம், எந்தச் சுவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காவிரிக்கரை இசை மேதைகள் என்று 24 படங்கள். திருவாரூர் மும்மூர்த்திகளான தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி, சீர்காழி மூவர், பாபநாசம் சிவன், செம்மங்குடி சீனிவாச ஐயர், ஜி.என்.பாலசுப்பிரமணியம், வயலினுக்குக் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, சீர்காழி கோவிந்தராஜன், இன்னும் பலர். நாதஸ்வரத்துக்கு டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. எல்லாரும் பெரியவர்கள், ஒருவரையும் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. தவிலுக்கு யார்? யாரும் இல்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் மாட்டிய சுவரில் ஒரு தவில்காரர்கூட இல்லை.

சரி, மறந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீடியோவின் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். சிறப்பு விருந்தினர் காரை விட்டு இறங்குகிறார். வாசலில், பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்று மேளம் வாசிக்கிறார்கள். இரண்டு தவில், இரண்டு நாயனம். விருந்தினர் உள்ளே போனதும் யாரோ கையைக் காட்டுகிறார்கள், மேளம் நிற்கிறது, கதவைச் சாத்துகிறார்கள். ஏசி அரங்கம், சாத்தத்தானே வேண்டும்! உள்ளே ஒரு மணி நேரம் இசை மரபைப் பற்றிச் சொற்பொழிவு.

குழுவில் இதைக் கேட்டதற்கு வந்த பதில்களைச் சொல்கிறேன். "தவில் பக்கவாத்தியம்தானே, அதான் ராஜரத்தினம் பிள்ளையைப் போட்டுட்டாங்களே" என்றார் ஒருவர். ராஜரத்தினம் பிள்ளை தனியாகவா வாசித்தார்? அவர் பக்கத்தில் நின்று வாசித்த நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைக் கேட்கவே கூட்டம் தனியாகப் போகும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் காது புளித்திருக்கிறது. மிருதங்கக்காரர் ராக ஆலாபனையின்போது கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். தவில்காரர் அங்கேயும் இடையிடையே வாசிப்பார். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி என்ற உருப்படியைத் தொடங்கி வைப்பதே தவில்தான். இதற்குப் பெயர் பக்கவாத்தியம் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் வயலினும் பக்கவாத்தியம்தான், ராஜமாணிக்கம் பிள்ளைக்குப் படம் இருக்கிறதே?

"அது கோயில் வாத்தியம், கச்சேரி வாத்தியம் இல்லை" என்றார் இன்னொருவர். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினோடு வலையப்பட்டியாரின் தவில் மேடை மேடையாக ஏறியதை இவர் எந்த ஊரில் இருந்து தவறவிட்டார் என்று தெரியவில்லை.

"பழைய தவில் வித்வான்களின் ஒலிப்பதிவு கிடைக்கவில்லை, எதை வைத்து முடிவு செய்வது?" இது படித்தவர் கேட்ட கேள்வி, அதனால் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். ஐயா, ஒலிப்பதிவே இல்லாத காலத்துச் சியாமா சாஸ்திரி பாடியதை எந்த ஒலித்தட்டில் கேட்டுவிட்டுப் படம் மாட்டினீர்கள்?

இன்னொரு வாதமும் வந்தது: காவிரிக்கரையில் பிறந்தவர்கள் மட்டும்தான் என்று விதியாம். அதனால் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி வரமாட்டார், வலையப்பட்டியாரும் வரமாட்டார். ஒத்துக்கொள்கிறேன், விதி விதிதான். நீடாமங்கலம் எங்கே இருக்கிறது? நாச்சியார்கோயில்? வலங்கைமான்? எல்லாம் பெரிய தவில்காரர்களின் ஊர்கள், கும்பகோணத்தில் பஸ் ஏறினால் பக்கம்தான்.

என் தாய்மாமா தவில் வாசித்தவர். பெரிய வித்வான் என்று சொல்ல மாட்டேன், கல்யாணமும் கோயிலுமாக ஓடிய ஆள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, துணி நாடாவைப் பசையில் நனைத்து விரலுக்குக் கூடு சுற்றுவார். காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். மாமா கையை நீட்டினால் விரல் முனையெல்லாம் காய்ப்புக் காய்த்து, சோறு பிசைய வைத்த விரல்களாகவே தெரியாது. ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரப் பையன், "தவில் அண்ணே, தள்ளி நில்லுங்க, பிரேம்ல விழுறீங்க" என்றான். மாமா தள்ளி நின்றார். கெட்டிமேளத்துக்கு மட்டும் எல்லாரும் அவரைத் தேடினார்கள். சாப்பாட்டுக்கு யாரும் தேடவில்லை. கடைசிப் பந்தியில் ரசம் இருந்தது, சாம்பார் தீர்ந்திருந்தது. நான் கோபப்பட்டேன். "விடுடா மாப்ள, அடுத்த முகூர்த்தம் இருக்கு" என்றார். அவருக்குப் பழக்கம். எனக்கு இன்னும் பழகவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உடனே "சாதியை இழுக்காதே" என்று ஒரு பெரியவர். நான் எங்கே இழுத்தேன்? தவில் என்று சொன்னதும் சாதி ஞாபகம் வந்தது உங்களுக்கு. இழுக்கிறதாக இருந்தால் நிறைய இருக்கிறது. நின்றுகொண்டே வாசிக்க வேண்டியிருந்த காலத்தில் மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்ற மனிதர் ராஜரத்தினம் பிள்ளை. கிராப் வெட்டி, ஷெர்வானி போட்டு வந்தார், அதற்கும் முணுமுணுத்தார்கள். அவர் படத்தை உள்ளே மாட்டிவிட்டு, அவர் வாத்தியத்தை வாசலில் நிற்க வைத்திருக்கிறீர்கள்.

பெங்களூர் நாகரத்தினம்மாளும் சுவரில் இல்லை, கவனித்தீர்களா? திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொத்தைப் போட்டுச் சமாதிக் கோயில் கட்டியவர். ஆராதனையில் பெண்களைப் பாட விடாதபோது சமாதிக்குப் பின்பக்கமாகப் பெண்களுக்கென்று தனியாக நடத்திக் காட்டியவர். காவிரிக்கரையில் பிறக்கவில்லையாம். அவர் சமாதியும் அதே கரையில்தான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு விதியைப் பேசுங்கள். நாகூர் ஹனிபா படம் எங்கே என்று கேட்டால் "அது வேற மாதிரிப் பாட்டு" என்கிறார்கள். என்ன மாதிரி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அது தனிச் சண்டை, தனிப் பதிவாக வரும்.

இப்போதைக்குத் தவில். "இவ்வளவு பேசுறியே, யாரைத் தூக்கிட்டு யாரை வைக்கணும்னு சொல்லு" என்று ஒரு நண்பர் தனியாகக் கேட்டார். மேதைகள் யாரையும் தூக்க வேண்டாம். அதே அரங்கத்தில், மேடைக்கு இடது பக்கம், ஏசிக்குக் கீழே வரிசையாக நன்கொடையாளர் படங்கள் மாட்டியிருக்கிறதே, அவற்றில் மூன்றை வரவேற்பறைக்கு மாற்றினால் போதும். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை. படத்துக்கும் சட்டத்துக்கும் ஆகும் செலவு என்னுடையது. குழுவில் இருக்கும் நிர்வாகிகள் இதைப் படிப்பார்கள் என்று தெரியும், நீல டிக் விழுந்துவிட்டது.