தீயணைப்புத் துறை மாநகராட்சியின் கீழ் இல்லை

சென்னையில் தீயணைப்பு வண்டி தாமதமானால் மேயரும் கவுன்சிலரும்தான் பொறுப்பு, அந்தத் துறை மாநகராட்சிக்குக் கீழே வருகிறது என்று இங்கே பலர் பகிர்கிறார்கள். அது சரியல்ல, நண்பர்களே. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மாநில அரசின் உள்துறையின் கீழ் உள்ளது. குழப்பம் வருவதும் இயல்புதான்: அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய பணிகளில் தீயணைப்பும் இருக்கிறது. மும்பையில் மாநகராட்சியே அதை நடத்துகிறது, இங்கே அப்படியில்லை. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு மாநகராட்சியுடையது. அங்கே தீப்பிடித்தால் அணைக்க வரும் சிவப்பு வண்டி மாநில அரசுடையது. சந்தேகம் இருந்தால் தண்டையார்பேட்டை நிலையத்தில் நிற்கும் வண்டியில் எழுதியிருக்கும் துறைப் பெயரைப் படியுங்கள். அப்புறம், சட்டமன்றத்தில் வைக்கப்படும் தீயணைப்புத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. எந்தத் துறை வெளியிட்டது என்று முதல் பக்கத்தில் பாருங்கள்.