விசுவாசம் கேள்வியினால் வரும்

"சொன்ன பேச்சைக் கேட்க மாட்டியா?" என்று அம்மாவிடம் திட்டு வாங்காத பிள்ளை யார்? தமிழில் கேட்பது காதோடு முடிவதில்லை. சொன்னதைச் செய்தால்தான் கேட்டதாகக் கணக்கு. எபிரெயத்திலும் அப்படித்தான். "இஸ்ரவேலே, கேள்" என்கிற உபாகமம் 6:4-இல் வரும் 'ஷெமா'வுக்குக் கீழ்ப்படிதல் என்றும் பொருள் உண்டு. கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லுக்கும் கேட்பதுதான் வேர்.

ரோமர் 10:17-ஐ ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவன் நான். "விசுவாசம் கேள்வியினால் வரும்." இங்கே கேள்வி என்றால் வினா அல்ல, கேட்பது. அந்தக் கேள்வியைப் பல வருடம் பிரசங்கம் கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

விசுவாசத்தைக் கீழ்ப்படிதலிலிருந்து பிரிக்க முடியாது என்று சொன்னால், "கிரியையினால், அதாவது நற்செயல்களால், இரட்சிப்பு என்கிறீர்களா?" என்று உடனே கேட்பார்கள். இல்லை. கிருபைதான், முழுக்க முழுக்கக் கிருபைதான். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று 1522-இல் எழுதிய சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்காதது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்றும் எழுதினார். ஆபிரகாமைப் பாருங்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்டார். அந்தப் புறப்பாட்டில் விசுவாசம் எதுவரை, கீழ்ப்படிதல் எங்கிருந்து என்று யாரால் கோடு போட முடியும்? எனக்கு முடியவில்லை.

என் கல்யாணத்துக்கு முன் 'தேவசித்தம்' தெரிய வேண்டும் என்று மூன்று நாள் உபவாசம் இருந்தேன். பெண் பார்த்ததும் சமாதானம் கிடைத்தது என்று சபையில் சாட்சியும் சொன்னேன். அதே வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ரொக்கம் எவ்வளவு என்று பேரம் நடந்தது. ஜெபத்தோடு ஆரம்பித்து ஜெபத்தோடு முடித்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பணத்துக்காக மாமனார் வயலை விற்றது பிறகுதான் தெரியவந்தது. வரதட்சணை தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தேவன் பார்த்துக்கொள்வார் என்று நான் நம்பவில்லை, அவ்வளவுதான். அந்தப் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தைத்தான் நம்பினேன்.

சரி, கீழ்ப்படிதல் என்றதும் "ஊழியக்காரன் சொன்னால் கேள்" என்று தங்கள் பக்கம் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. மனுஷருக்கு அல்ல, தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29 அவர்களுக்குப் போதும்.

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்தபோது "விசுவாசிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னதாக லூக்கா எழுதவில்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை. இதைத்தான் சொன்னான். அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு.

போன வருடம் அந்த ரொக்கத்தை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனேன். "இதெல்லாம் எதுக்கு மாப்ள, முடிஞ்சு போன கதை" என்று கையை நீட்ட மறுத்தார். மாமி உள்ளேயிருந்து வந்து, ஒன்றும் சொல்லாமல், வாங்கிக்கொண்டார்.